இலங்கைத்துறையிலிருந்து வந்த நான்கு போத்தல்கள்

“நீங்கள் எந்த ஏஜென்சி?”

எங்கள் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தை அறிமுகம் செய்யப் போன முதல் நாளே, ஒரு தாய் என்னை விரட்டாத குறையாக அனுப்பிவைத்தார். அது தூரத்து ஊரும் இல்லை; நான் குடியிருக்கும் லிங்கநகர்தான். ஒரு பொது மண்டபத்தில் மேசை போட்டு, துண்டுப் பிரசுரங்களை அடுக்கி, புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிய மகனோடு வந்த அந்த அம்மா ஒரு பிரசுரத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“நீங்கள் எந்த ஏஜென்சி?”

“ஏஜென்சி இல்லையம்மா. இது கம்பஸ். இஞ்ச, திருகோணமலையிலைதான் இருக்கு.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. முந்தியும் ஒராள் கழுத்திலை ரை கட்டிக்கொண்டு வந்தவர். அவரும் கம்பஸ் எண்டுதான் சொன்னவர். இப்ப அந்தக் கட்டடத்திலை சலூன் நடக்குது.”

மகனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தால் அடையாள அட்டையையும் காட்டச் சொல்லியிருப்பேன். நான் பிறவிச் சந்தேகக்காரி. முட்டை வாங்கி வந்தால் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் கொண்டுபோக மாட்டேன். ஆய்வுகூடத்தில் இந்தக் குணத்துக்குக் கவனம் என்று பெயர். வீட்டில் வேறு பெயர்கள் உண்டு. அவற்றை என் கணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் விரிவுரையாளர் அல்ல. தண்ணீர் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்றவள். வேலையின் கடைசிக் காலத்தில் பீடாதிபதி கூப்பிட்டு, “மிஸ், பள்ளிக்கூடங்களுக்குப் போய் எங்களைப் பற்றிச் சொல்லுறதுக்கு நீங்கள்தான் சரி. எங்கட ஆக்கள் போனால் ஸ்லைட்டைப் பாத்து வாசிச்சுப்போட்டு வருகினம்” என்றார். அவர் என்னை மெச்சினாரா, வேறு ஒருவரும் போக மறுத்ததால் என் தலையில் கட்டினாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை.

சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் பெரிய கோபுரமும் புல்வெளியும் இல்லை. கடலுணவுத் தொழில்நுட்பம், நீர்வளம், துறைமுக இயந்திரவியல், மென்பொருள் என்று நான்கு துறைகள். பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் வேலைத்தளம். ஐஸ் தொழிற்சாலையிலும் படகு திருத்தும் இடத்திலும் எங்கள் பிள்ளைகள் கையெல்லாம் கிறீசோடு நிற்பார்கள். படிக்க வந்தவரா வேலைக்கு வந்தவரா என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. உயர்தரப் பெறுபேற்றோடு நேரடியாக விண்ணப்பிக்கலாம், நேர்முகம் வைத்து எடுப்போம். அந்த ‘நேரடியாக’ என்ற சொல்தான் சனங்களை வெருட்டியது. “வெட்டுப்புள்ளி இல்லாமல் எடுக்கிற கம்பஸ் என்ன கம்பஸ்?” என்று கந்தளாயிலும் கேட்டார்கள், கிண்ணியாவிலும் கேட்டார்கள்.

போத்தல் முறை

வாயால் சொல்லி நம்பவைக்க ஏலாது என்று தெரிந்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். போகப்போகும் பாடசாலை அதிபருக்கு முன்கூட்டியே அழைத்து, “ஒவ்வொரு பிள்ளையும் தன்ர வீட்டுக் கிணத்துத் தண்ணியிலை ஒரு போத்தல் கொண்டு வரட்டும்” என்று சொல்லிவிடுவேன். புரொஜெக்டரைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தேன். அதற்குப் பதிலாக எங்கள் வான் வண்டியில் ஏறியவை கண்டக்டிவிட்டி மீற்றர், குளோரின் சோதனை மாத்திரைகள், நைத்திரேற்றுச் சோதனைப் பெட்டி, பீக்கர்கள். மண்டபத்தில் மேசையைச் சுற்றிப் பிள்ளைகளை நிற்கவைத்து, அவரவர் தண்ணீரை அவரவர் கையாலேயே சோதிக்க விடுவேன். மீற்றர், தண்ணீரில் எவ்வளவு உப்புக் கரைந்திருக்கிறது என்று காட்டும். குளோரின் இருந்தால் மாத்திரை போட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். பசளையோ மலக்கழிவோ கலந்திருந்தால் நைத்திரேற்றுச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

கந்தளாயில் இது அமோகமாக வேலை செய்தது. வயற்காரப் பிள்ளைகள் தங்கள் கிணற்றுத் தண்ணீரில் பசளையின் அடையாளத்தைக் கண்டதும், “மிஸ், திரும்பவும் ஒருக்கா செய்யட்டே?” என்று முண்டியடித்தார்கள். பின்னேரம் வரை மேசையை விட்டு நகரவில்லை. அந்த ஒரு நாளில் வந்த விண்ணப்பங்கள், அதற்கு முன் ஸ்லைட் காட்டிய காலம் முழுவதும் வந்ததை விட அதிகம் என்று பீடாதிபதி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

அந்த வீங்கிய தலையோடுதான் இலங்கைத்துறைக்குப் போனேன்.

எல்லாக் கிணறும் ஒரே கிணறு

கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, தெற்கே கரையோரமாகப் போகவேண்டும். எங்கள் வான் சாரதி நசீர் நானா கிண்ணியாக்காரர். நான் ஆய்வுகூடத்துக்கு வந்த காலத்திலிருந்தே பழக்கம். பாடசாலையில் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு போத்தல். மண்டபத்தின் பின்பக்கம் தகப்பன்மார் சிலர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வேறு எந்தப் பாடசாலையிலும் தகப்பன்மார் இப்படி வந்து நின்றதில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் பிள்ளை மீற்றரைத் தண்ணீரில் விட்டது. அளவு குறைவாகவே காட்டியது. கடற்கரைக் கிணற்றுக்கு இது நம்பமுடியாத நல்ல தண்ணீர். இரண்டாவது பிள்ளைக்கும் அதே அளவு. மூன்றாவதற்கும் அதே. கடற்கரை மணலில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கிணறுகளே ஒன்றுபோல் இருக்காது; ஒன்று கடும் உப்பாக இருக்கும், மற்றது இலேசாகக் கரிக்கும். முதலில் நான் மீற்றரைத்தான் சந்தேகித்தேன். உப்பளவு தெரிந்த ஸ்ராண்டர்ட் சொலூசனில் விட்டு, சரியாகக் காட்டுகிறதா என்று கலிபரேசனைப் பார்த்தேன். மீற்றரில் பிழையில்லை.

பக்கத்தில் நின்ற நசீர் நானா மெல்லக் குனிந்தார். “மிஸ், இது நம்மட ஊட்டு பைப் தண்ணி மாதிரி மணக்கிதே.”

மாத்திரையைப் போட்டேன். தண்ணீர் இளஞ்சிவப்பானது. அடுத்த போத்தலும் சிவந்தது, அதற்கடுத்ததும் சிவந்தது. கிணற்றுக்குள் யார் இப்படி ஒரே அளவாகக் குளோரின் போடுவார்கள்? வெயில் காலத்தில் ஊருக்குப் பவுசரில், அதாவது தாங்கி லொறியில், வரும் தண்ணீர் இது. ஊர் முழுக்க ஒரே பவுசரில் பிடித்து நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறது.

நான் பொறுமைக்காரி இல்லை. “இது உங்கட கிணத்துத் தண்ணி இல்லை. பவுசர் தண்ணி. எல்லாப் போத்தலும் ஒரே தண்ணி” என்று மண்டபம் கேட்கச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் தலையைக் குனிந்தார்கள். அதிபரின் முகம் கறுத்துவிட்டது. பின்னால் நின்ற தகப்பன்மாரில் ஒருவர் மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நிகழ்ச்சி அத்தோடு படுத்துவிட்டது.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை மேசையடிக்கு வந்தது. பெயர் தர்சிகா. அந்த முறை உயர்தரம் எழுதி, விஞ்ஞானப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தவள். அவள் முகத்தில் வெட்கமோ பயமோ தெரியவில்லை.

“மிஸ், மாத்திரை போட முதலே உங்களுக்கு விளங்கீற்று. எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?”

விளக்கினேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்குப் பதில் சொன்னதும் இன்னொன்று. கேள்விகள் எல்லாம் முடிந்தபிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கு உங்கட கம்பஸுக்கு வர விருப்பம், மிஸ். அப்பா விடார். அக்காவை ஒரு இடத்துக்காரர் டிப்ளோமா எண்டு கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏமாத்திப்போட்டாங்கள். இந்தத் தவணைக்குச் சேராட்டி, என்னை மாமியோட கார்மென்ற் வேலைக்கு அனுப்பப்போகினம்.”

அவளுடைய அப்பா வேறு யாருமில்லை. பின்னால் அசையாமல் நின்றவர்தான். யோகராசா என்று பெயர், கடற்றொழில். நேரே மேசையடிக்கு வந்தார்.

“நாங்கள்தான் கதைச்சு முடிவெடுத்துப் பவுசர் தண்ணி குடுத்துவிட்டனாங்கள். பிள்ளையளிலை பிழையில்லை.”

“ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?”

“முந்தியும் தண்ணி பாக்க எண்டு ஆக்கள் வந்தவை, மிஸ். தண்ணி பாத்தவை, பிறகு காணி அளந்தவை. அதுக்குப் பிறகு எங்கட கரையிலை எங்களுக்கே வேலி. நீங்கள் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது. உங்கட மெசினிலை தெரியிறது எங்க போகுமெண்டும் தெரியாது.”

நான் மீற்றரைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அவர் தொடர்ந்தார்.

“உங்கட கம்பஸைச் சும்மா ஒரு நாளிலை வந்து பாக்க ஏலுமோ? சோடிச்சு வைச்சிருக்கிற நாளிலை இல்லை.”

“ஓம், வாங்கோ.”

“எப்ப வாறமெண்டு சொல்லமாட்டம்.”

“சொல்லாதேங்கோ.”

போகும்போது மேசையிலிருந்த போத்தல்கள் எல்லாவற்றையும் சேகரித்துக்கொண்டு போனார். பீக்கரில் மிஞ்சியிருந்த தண்ணீரையும் மணலில் ஊற்றச் சொன்னார். அது பவுசர் தண்ணீர் என்று தெரிந்தும் ஊற்றச் சொன்னார். திரும்பி வரும் வழியில், “இவர் வரமாட்டார், சும்மா கதை” என்றேன். நசீர் நானா ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல், “வருவாரு மிஸ். இவ்வளவு சந்தேகப்படுற ஆள் வந்து பாக்காம இரிக்க மாட்டாரு” என்றார்.

சொல்லாமல் வந்தவர்கள்

விண்ணப்பம் முடியும் வாரத்தில் வந்தார்கள். வாசலிலிருந்த காவலாளி தொலைபேசியில், “மிஸ், இலங்கைத்துறையிலை இருந்து கொஞ்சப் பேர் தண்ணிப் போத்தலோட வந்து நிக்கினம். உள்ளுக்கு விடவோ?” என்று கேட்டார். யோகராசா, அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர், தர்சிகா.

அவர்கள் வந்த நாள் எங்களுக்கு நல்ல நாளாக அமையவில்லை. கடலுணவுப் பிரிவில் குளிரூட்டி பழுதாகி, கட்டடம் முழுக்க மீன் வெடில் நாற்றம். ஆய்வுகூடத்தில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. யோகராசா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தார். முதலில் மகளை அனுப்பிப் பெண்கள் மலசலகூடத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவைத்தார். சிற்றுண்டிச்சாலையில் கறிச்சட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்தார். வழியில் மறித்த மாணவன் ஒருவனிடம், “தம்பி, இஞ்ச படிச்சுப்போட்டு வேலைக்குப் போன ஒராளின்ர பேர் சொல்லும்” என்றார். அவன் ஒரு பெயரைச் சொன்னதும் அந்த ஆளின் தொலைபேசி எண்ணை வாங்கி, அந்த இடத்திலேயே அழைத்து, உண்மைதானா என்று விசாரித்தார். நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு எரிச்சல் வரவேண்டிய நேரம் அது. ஆனால் இவர் நம்முடைய ஆளல்லவா என்றுதான் தோன்றியது.

கடைசியாக ஆய்வுகூடம். மேசையில் நான்கு போத்தல்களை வைத்தார். கழுத்தில் வலைநூல் கட்டியிருந்தது: பச்சை, சிவப்பு, நீலம், வெள்ளை. நான் கையுறையை எடுத்தேன்.

“நீங்கள் வேண்டாம், மிஸ்,” என்றார். “நீங்கள் கெட்டிக்காரி எண்டு ஊருக்கே தெரியும். நான் பாக்க வந்தது உங்களை இல்லை. இஞ்ச படிக்கிற பிள்ளை ஒண்டு செய்யட்டும்.”

மூலையில் ரிஸ்னா பீக்கர் கழுவிக்கொண்டு நின்றாள். மூதூர்ப் பிள்ளை, இரண்டாம் வருடம். கதைக்கச் சொன்னால் சுவரைப் பார்த்துக் கதைப்பாள். அன்றைக்கு அங்கே நின்றது அவள் மட்டும்தான். வேறு யாரும் நின்றிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

ரிஸ்னா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மீற்றரைக் கலிபரேற் செய்தாள். ஒவ்வொரு போத்தலையும் மீற்றரிலும் மாத்திரையிலும் இரண்டு முறை பார்த்தாள். அளவுகளை வெள்ளைப் பலகையில் எழுதினாள். தர்சிகா பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“பச்சையும் வெள்ளையும் ஒரே தண்ணி,” என்றாள் ரிஸ்னா. “சிவப்பு, குளோரின் போட்ட தண்ணி. பவுசரா இரிக்கலாம். நீலம், கிணத்துத் தண்ணியிலே கடல் தண்ணி சேர்ந்திரிக்கி. கிணத்துக்குள்ளேயே உப்பு வந்ததா, ஆராவது ஊத்தினதா எண்டு இந்தச் சோதனையால என்னால சொல்ல ஏலா.”

கூட்டாளிகளில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். “நான்தான் ஊத்தினனான்! வரேக்கை கரையிலை இறங்கி அள்ளி ஊத்தினனான்!”

யோகராசாவின் வாய் ஓரமும் கொஞ்சம் அசைந்தது. எங்களைப் பிடிக்க அவர் வைத்த பொறி அது. ஒரே தண்ணீரை இரண்டு போத்தலில் அடைத்து, பவுசர் தண்ணீரையும் கடல்நீர் கலந்த தண்ணீரையும் நடுவில் வைத்து, ஒரே தண்ணீருக்கு இரண்டு கதை சொல்கிறோமா என்று பார்க்க வந்திருக்கிறார்.

ரிஸ்னா சிரிக்கவில்லை. நைத்திரேற்றுப் பெட்டியைத் திறந்து வேலையைத் தொடர்ந்தாள். நிறத்தைப் பார்த்தாள், திரும்பவும் செய்து பார்த்தாள்.

“மாமா, பச்சையும் வெள்ளையும் ஆருட ஊட்டுத் தண்ணி?”

“ஏன் பிள்ளை?” என்றார் யோகராசா.

“நைத்திரேற்று கூட இரிக்கி. குடிக்கக் கூடா. கொதிக்க வச்சாலும் போகா. சின்னப் புள்ளைகளுக்குக் குடுக்கவே கூடா. கிணத்துக்குக் கிட்ட மலசலகூடக் குழி இரிக்கா?”

சிரிப்பு நின்றுவிட்டது. அது யோகராசாவின் வீட்டுக் கிணறு. தர்சிகாதான், “கிட்டத்தான் இருக்கு” என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பீடாதிபதி உள்ளே வரவேண்டும். கிராமத்திலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் தொலைபேசி. நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. பலகையைப் பார்த்தார், போத்தல்களைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

“அருமை, அருமை! இதுதான் பிரயோக விஞ்ஞானம். எல்லாரும் பலகைக்குக் கிட்ட வாங்கோ, ஒரு போட்டோ எடுத்துப் பேஜிலை போடுவம். இலங்கைத்துறைக் கிணத்துத் தண்ணி எண்டு போடலாம். பிரதேச செயலகத்துக்கும் ஒரு ரிப்போட் அனுப்புவம், மிஸ். அவைக்கும் உதவியா இருக்கும்.”

யோகராசாவின் முகம் கதவு சாத்தியது போல மூடிக்கொண்டது. கை நீண்டு பச்சைநூல் போத்தலை எடுத்தது. அடுத்து வெள்ளை. “வா பிள்ளை, போவம்” என்றார் மகளிடம். தர்சிகா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. பீடாதிபதியிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ரிஸ்னா பலகை அழிப்பானை எடுத்தாள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அழித்தாள். ஒரு எண்ணும் மிஞ்சவில்லை.

“நீர் என்ன செய்யிறீர்?” என்று கேட்டார் பீடாதிபதி. அவர் கோபப்படவில்லை, திகைத்துவிட்டார்.

ரிஸ்னாவின் குரல் நடுங்கியது. ஆனால் அன்றைக்கு அவள் சுவரைப் பார்க்கவில்லை. “சேர், தண்ணி கொண்டு வந்தது இவங்க. ஆருக்குச் சொல்றது எண்டு இவங்கதான் முடிவெடுக்கணும். கேக்காம வெளியே குடுக்கக் கூடா எண்டு முதல் செய்முறை வகுப்பிலேயே படிச்ச நாங்க.”

அந்த வகுப்பை எடுத்தவள் நான். வாய் திறந்தவள் அவள். பீடாதிபதியோடு இத்தனை வருடம் வேலை செய்தும் அவர் அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வெறும் பலகையைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“சரி. போட்டோவும் வேண்டாம், ரிப்போட்டும் வேண்டாம்,” என்றார். யோகராசாவின் பக்கம் திரும்பி, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் கேட்டிருக்க வேணும்” என்றார்.

யோகராசா போத்தல்களோடு நின்றார், ஆனால் போகவில்லை.

“எந்த ஊர் பிள்ளை?” என்று ரிஸ்னாவிடம் கேட்டார்.

“மூதூர்.”

“இவர் உங்கட பெரியவரோ?”

“ஓம். பீடாதிபதி.”

தலையை ஆட்டினார். பிறகு என்னைத் தனியாக யன்னல் பக்கம் கூப்பிட்டார். இனித் தங்குமிடம், பஸ், பாதுகாப்பு என்று விசாரிக்கப்போகிறார் என்று பதிலோடு தயாராக நின்றேன். அவர் கேட்டது வேறு.

“மிஸ், உண்மையைச் சொல்லுங்கோ. எங்கட பிள்ளை இஞ்ச வந்தால், நாளைக்கு என்னையும் இப்பிடி எதிர்த்துக் கதைப்பாளோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு விண்ணப்பம் கையில் விழுந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். ஆனால் இவ்வளவு தூரம் போத்தல் சுமந்து வந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

“ஓம். கதைப்பாள்,” என்றேன்.

அவர் யன்னலுக்கு வெளியே துறைமுகத்துப் பக்கம் பார்த்தார். தர்சிகா அங்கே ரிஸ்னாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்காக்காரியைக் கொண்டுபோனவங்கள் எனக்கு எல்லாத்துக்கும் தலையாட்டினவங்கள்,” என்றார். “நான் கேட்ட ஒண்டுக்கும் மாட்டன் எண்டு சொல்லேல்லை. அக்காக்காரியும் அவங்கள் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினவள். அப்பிடித்தான் நாங்கள் வளர்த்தது.”

இரண்டு போத்தல்களையும் ஒழுகிக்கொண்டிருந்த குழாயின் கீழ்த் தொட்டியில் ஊற்றினார். வெறும் போத்தல்களைக் கூட்டாளியிடம் கொடுத்தார்.

“இவள் வரட்டும். போகேக்கை அந்தக் குழி கதையையும் அந்தப் பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தட்டும்.”

இப்போது நீங்கள், உயர்தரம் எழுதிவிட்டு இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் துறைகளைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். நம்ப வேண்டாம், ஒரு சாதாரண நாளில், சொல்லாமல் வந்து பாருங்கள். தாழ்ப்பாளையும் பாருங்கள், கறிச்சட்டியையும் பாருங்கள். ஓய்வுபெறும் வரை நான் போன ஊரெல்லாம் வேலை கிடைக்குமா, பட்டம் செல்லுமா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அதோடு பெற்றோருக்கு, அவர்கள் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னேன்: இங்கே படிக்கும் பிள்ளை ஒரு நாள் உங்களுக்கும் “இல்லை” என்று சொல்லும். அதற்குச் சம்மதமென்றால் மட்டும் கொண்டுவந்து விடுங்கள்.